நாவலரவர்களும் பாலர் வாசிப்பும்

நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களை நினையுந்தோறும் சைவ மக்களுடைய உள்ளத்திலே முதற்கண் தோன்றுவன அவர்களுடைய பிரசங்கங்களும், கண்டனங்களும், பிழையறப் பரிசோதித்து அச்சிற் பதிப்பித்த பெருநூல்களுமாம். ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்து மகநாளிலே நிகழும் குருபூசையிற் பேசுவோரும் இவற்றையே விரித்துரைப்பர். அது தக்கதே. ஆயினும், நாள்தோறும் சிறு பிள்ளைகளோடு காலங்கழிக்கும் உபாத்தியாயர்களாகிய நமக்கு, அவர்கள் இயற்றிய நூல்களுள் மிகச் சிறியதொன்றே மிக அணித்தாக நிற்கின்றது. அது பாலபாடம் முதற்புத்தகம். இலக்கணத்தையும் சித்தாந்தத்தையும் கரைகண்ட பெரும்புலவர் ஒருவர், எழுத்தறியாத ஐந்து வயதுக் குழந்தைக்கென ஒரு சிறு புத்தகம் எழுத முன்வந்தது யாது கருதி? இவ்வினாவை மனத்துட் கொண்டு அவர்கள் சரிதத்தை ஒருமுறை நோக்குவோமாக.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆந் திகதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார்கள். ஐந்தாம் வயதிலே வித்தியாரம்பஞ் செய்விக்கப்பெற்று, நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்தே நீதிநூல்களைக் கற்றார்கள். ஒன்பதாம் வயதிலே தந்தையாரை இழந்தார்கள். பின்னர்த் தமையனாருடைய ஆதரவினாலே சரவணமுத்துப் புலவரிடத்தும், அவருக்கு ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் இலக்கிய இலக்கணங்களைப் பயின்றார்கள்.

அக்காலத்துப் பிள்ளை எழுத்துக் கற்ற முறையை இங்கே சிறிது சொல்லுதல் வேண்டும். ஏடு தொடக்கிய பின், பிள்ளை மணலிலே விரலால் எழுத்துக்களை வரைந்து பழகும். உயிர் பன்னிரண்டும், மெய் பதினெட்டும், உயிர்மெய் இருநூற்றுப் பதினாறும், ஆய்தம் ஒன்றுமாகிய 247 எழுத்துக்களையும் வரிசையாகக் கூவி மனனம் பண்ணும். அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியன. அதன்பின் நிகண்டு. இவையாவும் பெரும்பாலும் சட்டம்பியார் சொல்லப் பிள்ளை சொல்லிப் பாடம் பண்ணுவனவாம். பொருளறிதல் பின்னொரு காலத்துக்கென விடப்படும்.

இம்முறை அறியாமையால் வந்ததன்று. ஏட்டின் இயல்பே அதற்கு ஒரு காரணம். ஓலையிலே இரும்பெழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆதலால், ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரு வடிவாகவே நின்றன. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. ஆகாரத்துக்குரிய காலும் ரகரமும் கண்ணுக்கு வேறுபடா. சொல்லுக்குஞ் சொல்லுக்கும் இடைவெளி யில்லை. வாக்கியம் முடியுமிடத்துக் குறியுமில்லை. இத்தகைய ஏட்டை எடுத்து வாசிப்பவன், பாட்டை முன்னரே ஓரளவு அறிந்தவனாயிருத்தல் வேண்டும். அறிந்ததனை நினைவுகூர்தற்கு ஏடு துணையாயிற்று. அறியாததனை அறிதற்கு அது பாலர்க்குத் துணையாகவில்லை. ஆகவே, பிள்ளைகள் ஓதக் கற்றார்கள். அவருட் சிலர் பின்னாளிலே நல்லாசிரியரை அடைந்து வாசிக்கவுங் கற்றார்கள். பலர் ஓதுதலோடு நின்றுவிட்டார்கள்.

ஓதுதல் வேறு, வாசித்தல் வேறு. இவ்விரண்டன் வேற்றுமையை நன்குணர்ந்தமையே நாவலரவர்களைப் பாலர்க்கு ஆசிரியராக்கிற்று என்பது நம்முடைய துணிபு. ஓதுதலாவது செவிவழிப் பெற்றதனை வாய்வழி மீட்டுத் தருதல். அது நினைவின் வலிமையாற் சித்திப்பது, சிறப்புடையதே. வாசித்தலாவது முன்னொருபோதுங் கேளாத வாக்கியத்தைக் கண்ணாற் கண்டு, அதன் பொருளைத் தானே பெறுதல். முன்னதில் வல்ல பிள்ளைக்கு ஆசிரியர் என்றும் வேண்டும். பின்னதில் வல்ல பிள்ளைக்கு ஆசிரியர் இல்லாவிடத்தும் நூல் ஆசிரியராகும்.

இவ்வுணர்வு அவர்களுக்கு வந்த வழியை அவர்களுடைய வாலிபப் பருவத்திலே தேடுதல் வேண்டும். அவர்கள் ஆங்கிலங் கற்றது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயாம். அதுவே பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1841ஆம் ஆண்டு தொடங்கி அப்பாடசாலையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும், மேல்வகுப்பு மாணாக்கருக்குத் தமிழும் கற்பித்தல் அவர்கள் கடமையாயிற்று. பேர்சிவல் பாதிரியார் கிறித்தவ வேதத்தைத் தமிழிற் பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவரும் நாவலரவர்களே. அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது.

இப்பாடசாலை வாழ்வினால் அவர்களுக்கு விளைந்த பயன் யாதென எண்ணிப் பார்க்கலாம். கீழ்வகுப்பிலே ஆங்கிலங் கற்பிப்பவர், தாய்மொழியன்றாகிய ஒரு பாஷையின் எழுத்தைப் பிள்ளைக்கு ஒவ்வொரு படியாகவே காட்டுதல் வேண்டும். முதலில் எழுத்து; பின் சிறுசொல்; பின் சிறு வாக்கியம்; பின் சிறு கதை. இப்படிமுறை மிஷன் பாடசாலைகளின் அச்சுப் புத்தகங்களிலே இருந்தது. வகுப்புப் பிரிவும், நேர ஒழுங்கும், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரே வகைப் புத்தகமும் அங்கே இருந்தன. நாமும் மிஷன் பாடசாலையிலே கற்றவராதலின், இவ்வொழுங்கினால் இந்நாட்டுக்கு விளைந்த நன்மையை நன்றியோடு சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். நாவலரவர்களும் அந்நன்மையைக் கண்டவர்களே. கண்டமையினாலேதான் அதனோடு பிணைந்து வந்த இடரும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவ்விடர் யாதெனிற் கூறுதும். வெஸ்லியன் மிஷனார் 1814ஆம் ஆண்டும், அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டும் இத்தீவுக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஊர்கள்தோறும் பாடசாலைகளை நிறுவினார்கள். 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரி என்னும் உயர்தர வித்தியாசாலையுந் தொடங்கிற்று. அரசாங்க நன்கொடையும் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளையே சார்ந்து நின்றது. இவற்றிலே பிள்ளை வாசிக்கக் கற்கும் புத்தகம் கிறித்தவ சமயப் புத்தகமாகவே இருந்தது. ஆகவே, சைவத் தாய் தந்தையர் முன்னே ஒரு கொடிய தேர்வு வைக்கப்பட்டது. பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்கவேண்டுமாயின் பிறசமய நூலை வாசித்தே கற்கவேண்டும். தன் சமயத்திலேயே நிற்கவேண்டுமாயின் திண்ணையிலே ஓதிக்கொண்டிருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றையே கொள்ளுதல் வேண்டுமென்பதை நாவலரவர்கள் ஒப்பவில்லை.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அவர்களுடைய முதற் சைவப் பிரசங்கம் நடந்தது. அது தொடர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் நடைபெற்றது. கேட்டவர் பலர் நல்வழிப்பட்டனர். ஆயினும், பிரசங்கம் கேட்பவன் கேட்டவளவில் நிற்பான். வீடு சென்று தானே நூலை எடுத்து நோக்குதற்கு அவனுக்கு வாசிப்பு வேண்டும். வாசித்தற்கு எளிய நூலும் வேண்டும். இவ்விரண்டும் சைவர்க்கு இல்லாத காலம் அது. ஆதலால், பிரசங்கந் தொடங்கிச் சில மாதஞ் செல்லுமுன், 1848ஆம் ஆண்டிலே, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலை உத்தியோகத்தையுந் துறந்தார்கள். வயது இருபத்தாறும் நிரம்பாத, பெருஞ்செல்வமில்லாத ஒருவர், நிலையான வேதனத்தை விட்டு நிலையில்லாத ஒரு பாடசாலையைத் தாங்க முன்வந்தமை சிறு செயலன்று.

பாடசாலை திறந்தாயிற்று, பிள்ளைகளும் வந்தார்கள். அவர்கள் கையிற் கொடுக்கப் புத்தகம் எங்கே? பழைய நீதிநூல்கள் செய்யுள் வடிவின. செய்யுளிலே சொற்கள் புணர்ந்தும் முன்பின்னாக மாறியும் நிற்கும். ஒரு சொல்லைப் பிரித்தறிதற்கே இலக்கண அறிவு வேண்டும். எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைக்கு அது முதற்படியாகாது. பிள்ளை வாயாற் பேசும் வாக்கிய ஒழுங்குக்கு அணுகிய, பிழையில்லாத வசனமே முதற்படியாதல் வேண்டும். அத்தகைய வசனப் புத்தகம் சைவப் பிள்ளைகளுக்கென அக்காலத்தில் இல்லாமையால், அதனைத் தாமே எழுதவும் தாமே அச்சிடவுந் துணிந்தார்கள்.

அச்சியந்திரம் வாங்குதற்காக 1849ஆம் ஆண்டிலே நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு தமிழகஞ் சென்றார்கள். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்களுடைய பிரசங்கத் திறமையைக் கேட்டு வியந்து நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினார்கள். பட்டத்தோடு அச்சியந்திரமும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலை தோன்றிற்று. 1850ஆம் ஆண்டை யொட்டி, முதலில் அதிலிருந்து வெளிவந்தவற்றுள் பாலபாடம் இடம்பெற்றது. நாவன்மைக்காகப் பட்டம் பெற்றவர், ஊர் திரும்பியவுடன் நாத்திருந்தாத பாலர்க்கு நூல் எழுத அமர்ந்தமை உபாத்தியாயர்கள் சிந்திக்கத்தக்கது.

பாலபாடத்தின் அமைப்பு அக்காலத்துக்குப் புதிய வழியைக் காட்டிற்று. முதற்புத்தகம் எழுத்தை அறிமுகஞ் செய்து, சிறு சொற்களுக்குச் சென்று, பின் பிள்ளை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கத்தக்க குறு வாக்கியங்களுக்கு ஏறுகின்றது. இரண்டாம் புத்தகம் வாக்கியத்தை நீட்டி, நல்லொழுக்கமுங் கதையுமாகச் செல்கின்றது. நான்காம் புத்தகம் கடவுள், ஆன்மா, கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, கல்வி முதலிய பொருள்களைத் தனித்தனிக் கட்டுரையாக விரிக்கின்றது. முதற்புத்தகத்திலே இரண்டெழுத்துச் சொல்லில் தடுமாறிய பிள்ளை, நான்காம் புத்தகத்திலே தருக்கமுறையாகத் தொடுக்கப்பட்ட நீண்ட வசனத்தைப் பொருளுணர்ந்து வாசிக்கின்றது. இடையிலே ஒரு படியும் எட்டாத உயரத்தில் இல்லை.

அவ்வேணி பாலபாடத்தோடு முடியவுமில்லை. சமயவறிவுக்குச் சைவ வினாவிடை. இலக்கணத்துக்கு இலக்கணச் சுருக்கமும், அதன்மேல் நன்னூற் காண்டிகையுரையும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களுக்கு உரை. 1852ஆம் ஆண்டிலே பெரியபுராண வசனம். சேக்கிழார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட திருவிருத்தங்களாற் பாடிய சரிதங்களை, புராணஞ் சொல்வார் ஒருவரை எதிர்பாராது, எழுத்தறிந்த எவரும் வீட்டிலிருந்தே வாசித்தற்கு அது வழிசெய்தது. இவற்றை யெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கினால் நாவலரவர்களுடைய கருத்து விளங்கும். அவர்கள் தனித்தனிப் புத்தகங்களை எழுதியதோடமையாது, அரிவரி வகுப்பின் வாயிலிலிருந்து திருத்தொண்டர் சரிதம் வரையும் ஒரு பாதை போட்டார்கள். பாதையின் முதற்கல் சரியாக அமையாவிட்டால் மற்றைக் கற்கள் பயன்படா என்பதை அறிந்திருந்தார்கள்.

அவர்கள் வசனத்தை அச்சிட்ட முறையையுங் குறிப்பிடுதல் வேண்டும். மெய்க்குப் புள்ளி, குறில் நெடில் வேற்றுமை, சொற்களுக்கிடையே வெளி என்பன அச்சிலே நிலைபெற்றன. அவற்றோடு, நிறுத்தக் குறிகளையுந் தமிழ் வசனத்திலே ஒழுங்காக வழங்கியவர்களுள் நாவலரவர்கள் தலைமையானவர்கள். சிறு நிறுத்தம் எங்கே, பெரு நிறுத்தம் எங்கே என்பது கண்ணுக்குத் தெரிந்தால் வாசிப்பவனுடைய மூச்சும் பொருளும் ஒன்றுபடும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாது, நிறுத்தத் தகாத இடத்தில் நிறுத்தி வாசிக்கும் பிள்ளை, பொருளுணரவில்லை என்பதைத் தன் வாயாலேயே நமக்குச் சொல்லுகின்றது. ஆதலின், குறிகள் அலங்காரத்துக்காக அமைந்தனவல்ல. அவை பாலர்க்கு ஊன்றுகோல்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழும் முறையை நாம் அனைவரும் அறிவோம். ஒருவர் செய்யுளை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். வாசிப்புக்குப் பொருள் இன்றியமையாத துணையென்பது இந்நாட்டார் மரபிலேயே உள்ளது. பெரியோர்க்குக் கோயிலிலே இருந்த இவ்விணைப்பைச் சிறியோர்க்கு வகுப்பறையிலே கொண்டுவந்தமையே பாலபாடத்தின் சிறப்பெனலாம். வாசிக்கும் வாயும் பயன் சொல்லும் வாயும் ஒரே பிள்ளையின் வாயாதல் வேண்டும் என்பது அதன் உட்கருத்து.

நாவலரவர்கள் மனனத்தை வெறுத்தவர்களல்லர். நீதிநூல்களுக்கு அவர்கள் உரை எழுதியமையே அதற்குச் சான்று. பிள்ளை பாடம் பண்ணும் செய்யுள் பொருளோடு உள்ளத்தில் தங்கவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஓதுதலை அழித்து வாசித்தலை நாட்டினார்களென்று சொல்லுதல் பிழை. ஓதுதலுக்கு உரிய இடத்தை அளித்து, வாசித்தலுக்கு இல்லாதிருந்த இடத்தை உண்டாக்கினார்கள் என்பதே சரி.

இப்பணி எளிதாக நடந்ததன்று. சைவப்பிரகாச வித்தியாசாலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரசாங்க நன்கொடை யில்லாமலே நடந்தது. சைவப் பொதுமக்களிடம் பொருள் வேண்டி அவர்கள் பலகாலும் விண்ணப்பஞ் செய்யவேண்டியதாயிற்று. இல்லறத்தை மேற்கொள்ளாது, தம் வாழ்நாளை இப்பணிக்கே ஒப்படைத்தார்கள். 1860ஆம் ஆண்டளவிலே சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அச்சியந்திரசாலை ஏற்பட்டது. 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். 1872ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அது பொருள் முட்டுப்பாட்டினாற் சில ஆண்டுகளிலே மூடப்பட்டது. 1877ஆம் ஆண்டையொட்டிப் பஞ்சமும் பேதியும் யாழ்ப்பாணத்தை வருத்தியபோது, கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார்கள். 1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆந் திகதி வெள்ளிக்கிழமை சிவபதமடைந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது ஐம்பத்தேழும் நிறையவில்லை.

அவர்கள் நாட்டிய வித்துப் பின்னாளிலே முளைத்தது. 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் இந்துக் கல்லூரி எழுந்தது. 1923ஆம் ஆண்டிலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் நிறுவப்பட்டு ஊர்தோறும் பாடசாலைகளை நடத்திற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளிலே அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைக் கையேற்றபோது அவற்றின் முகாமை மாறிற்று. பாடநூல்களும் மாறின. 1971ஆம் ஆண்டிலே நாவலரவர்களின் உருவந் தாங்கிய முத்திரையை இலங்கை அரசாங்கம் வெளியிட்டது. தலைமுறை பலவாகச் சைவப் பிள்ளைகள் முதன்முதல் வாசித்த புத்தகம் பாலபாடமே என்பதை நோக்க, அவர்களுக்குரிய உண்மையான நினைவுச்சின்னம் அப்பிள்ளைகளின் நாவிலே எழுதப்பட்டதென்றே சொல்லவேண்டும்.

இவ்விடத்து ஒன்றை மறையாது சொல்லுதல் நம் கடன். நாவலரவர்கள் தம் காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டைக் கடந்தவர்களல்லர். அவர்கள் போட்ட பாதையிலே இந்நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒப்ப நடக்கவில்லை. வாயிலிலேயே மறிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவையும் சமவாசனத்தையும் பெற்றுக் கொடுத்தது பிற்காலத்தவர் பட்ட பெரும்பாடு. பெரியார் ஒருவரை வணங்குதல் அவருடைய குறையைக் காணாதிருத்தலன்று. வாசிப்பின் பயனை அவர்கள் கண்டவளவு, அப்பயன் எல்லாப் பிள்ளைக்கும் உரியதென்பதனை நாம் காணுதல் வேண்டும். அவர்கள் கட்டிய ஏணியை எந்தப் பிள்ளையின் முன்னும் வைத்தலே அவர்களுக்கு நாம் செய்யும் நிறைவான கைம்மாறு.

இனி, இச்சரிதத்தினால் ஆரம்ப வகுப்பு உபாத்தியாயர்களாகிய நாம் பெறத்தக்கவை சிலவற்றை எடுத்துரைப்போம்.

முதலாவது, ஓதும் பிள்ளையை வாசிக்கும் பிள்ளையென மயங்கலாகாது. இம்மயக்கம் திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு ஒழிந்ததன்று. அழகிய படங்களோடு கூடிய புத்தகத்தைக் கையிற் பிடித்து, பக்கத்திலுள்ள பாடம் முழுவதையும் தடையின்றிச் சொல்லும் பிள்ளையை இன்றும் வகுப்புத்தோறுங் காணலாம். அதன் கண் சாளரத்தை நோக்கியிருக்கும். வாய் வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். தோழர் வாசிக்கக் கேட்டுக்கேட்டு அது பாடமாயிற்று. இதனை அறிதற்கு எளிய வழி உண்டு. அப்பாடத்திலுள்ள எழுத்துக்களாலேயே, அப்பாடத்தில் இல்லாத ஒரு சிறு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொல்லுக. வாசித்தபின் அதன் பொருளைச் செய்துகாட்டச் சொல்லுக. அப்போது பிள்ளை நிற்கும் படி நமக்குத் தெரியவரும். தெரிந்தபின் அப்படியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும் வேறு. ஆனா, ஆவன்னா என்று பெயரை மாத்திரம் பழகிய பிள்ளை, மரம் என்னும் சொல்லைக் கண்டவுடன் மானா, ரானா எனப் பெயர்களை அடுக்கிவிட்டு, சொல்லைப் பெறாது திகைத்து நிற்கும். அன்றியும், ஒலிக்கும் முறையும் எழுதும் முறையும் சில எழுத்துக்களில் மாறுபடுகின்றன. கெ, கே, கை என்பவற்றிலே உயிரின் குறி ககரத்துக்கு முன் நிற்கும். ஒலியிலோ ககரமே முந்தும். கொ, கோ என்பவற்றிலே குறி இருபுறமும் நிற்கும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய்ப் படிக்கக் கற்ற குழந்தை இவற்றிலே இடறுதல் இயல்பே. அதனை மந்தமென இகழாது, இவ்வெழுத்துக்களை நன்கறிந்த சொற்களுள் வைத்துப் பன்முறை காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், நகர ணகர னகரங்களும் முதலில் ஆசிரியருடைய வாயிலே திருந்துதல் வேண்டும். வீட்டுப் பேச்சிலே ழகரத்தை ளகரமாக ஒலித்துப் பழகிய பிள்ளைக்கு, வகுப்பறையே அவ்வேற்றுமையைக் கேட்கும் முதலிடம். கேளாத வேற்றுமையை அது எழுத்திலே காணாது. காணாததனை எழுதும்போது பிழைபடும். பிழைபட்டபின் சிவப்பு மையாற் கீறுதலினும், பிழைபடுமுன் செவியைப் பழக்குதல் எளிது.

நான்காவது, யாவற்றினும் முதன்மையாகக் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பாடசாலைகளிலே புதிதாக வந்த ஆசிரியரை முதலாம் வகுப்புக்கு அனுப்புதலும், தேர்ச்சிபெற்ற ஆசிரியரை மேல்வகுப்புக்கு உயர்த்துதலும் வழக்கமாகிவிட்டன. மேல்வகுப்புக்குச் செல்லுதலை உயர்வென்றும், கீழ்வகுப்பில் இருத்தலைத் தாழ்வென்றும் நாமே கருதுகின்றோம். நாவலரவர்களுடைய சரிதம் இக்கருத்தைத் தலைகீழாக்குகின்றது. நன்னூலுக்கு உரையெழுத வல்லவரே அரிவரிப் பிள்ளைக்கும் நூல் எழுதினார். அவ்வன்மை இருந்தமையாலேதான் அதனைப் பிழையின்றியும் எளிமையாகவும் எழுத முடிந்தது. ஒரு துறையை அடிமுதல் நுனிவரை அறிந்தவரே, அதனுள் எதனை முதலிற் சொல்லவேண்டும், எதனை இப்போது சொல்லாது விடவேண்டும் என்று அறிவார். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் வாசிக்க மாட்டாத பிள்ளைகளைக் கண்டு வருந்தும் அதிபர்கள், தங்கள் பாடசாலையின் மிகச் சிறந்த உபாத்தியாயர் எந்த வகுப்பிலே நிற்கின்றார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

வாசிக்கத் தெரியாது மேல்வகுப்பை அடைந்த பிள்ளைக்கு வரலாறும் இல்லை, கணக்கும் இல்லை, தேவாரமும் ஒலியளவே. அப்பிள்ளை வகுப்பின் பின்வரிசையில் ஒதுங்கி, தன்னை அறிவில்லாதவனென்று தானே தீர்ப்புச் செய்துகொள்ளுகின்றது. அத்தீர்ப்பை மாற்றுதல் பின்னர் அரிது. முதல் இரண்டு ஆண்டுகளிலே அதனருகில் அமர்ந்து, விரலால் எழுத்தைத் தொட்டுக்காட்டும் பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர் கிடைத்திருந்தால் அத்தீர்ப்பே எழுந்திராது.

நாவலரவர்களுடைய பிரசங்கங்களை நேரிற் கேட்டவர் இன்று ஒருவருமில்லை. அவர்களுடைய கண்டனங்கள் எழுந்த வழக்குக்களும் பெரும்பாலும் ஆறிவிட்டன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்தைப் பொருளோடு கூட்டிக் கொடுக்கும் வேலை மாத்திரம், அவர்கள் தொடங்கியபோது எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் புதிதாய் நம்முன் வந்து நிற்கின்றது. வருகின்ற தவணையிலே முதலாம் வகுப்பு நமக்கென ஒதுக்கப்படுமாயின், அதனை மனமுவந்து ஏற்று, நாவலரவர்கள் அமர்ந்த இடத்திலே நாமும் அமர்கின்றோம் என்னும் நினைவோடு அவ்வேலையைச் செய்வோமாக. எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் நமக்கும் நம்மிடம் வரும் குழந்தைகளுக்குந் துணைநிற்பதாக.